எழுபதுகளின் தலைசிறந்த அணி எது? அமெரிக்கக் கால்பந்து: வாசகர் கேள்வி – பதில்

1970களில் அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். களத்தை ஆண்ட நான்கு அணிகள் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ், டல்லஸ் கௌபாய்ஸ், ஓக்லண்ட் ரெய்டர்ஸ், மயாமி டால்ஃபின்ஸ். இவற்றை ஒப்பிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

லீகின் பட்டத்தை முடிவு செய்யும் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை ஸ்டீலர்ஸ் 4 முறை வென்றார்கள். அதனாலேயே எழுபதுகளின் தலைசிறந்த அணி அவர்கள்தான் என்று முடிவு கட்டிவிடலாமா?

முடிவு சரி. கோப்பைக் கணக்கு மட்டும் அதற்குக் காரணமாகாது. கௌபாய்ஸ் அந்தப் பத்து சீசன்களில் 5 முறை சூப்பர் பௌலுக்குப் போய் 2 வென்றார்கள். தோற்ற மூன்றிலும் வித்தியாசம் 3, 4, 4 புள்ளிகள்தான். மொத்தம் 11 புள்ளிகள் இடம் மாறியிருந்தால் 5 கோப்பையும் டல்லஸுக்குப் போயிருக்கும். ரெய்டர்ஸ் 1973 முதல் 1977 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ஏ.எஃப்.சி. (லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்று) இறுதிப்போட்டியில் ஆடினார்கள். அதைத் தாண்டி சூப்பர் பௌலுக்குப் போனது ஒரே ஒரு முறை. நாக் அவுட் ஆட்டங்களில் இவ்வளவு சிறிய இடைவெளிகள் இருக்கும்போது கோப்பையை மட்டும் வைத்து அணியை எடை போட்டால் தவறிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது ஓர் ஆட்டத்துக்கான சராசரிப் புள்ளி வித்தியாசம். சீசனில் எடுத்த புள்ளிகளிலிருந்து கொடுத்த புள்ளிகளைக் கழித்து, ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 1977 வரை சீசனுக்கு 14 ஆட்டங்கள், 1978 முதல் 16. பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள், மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிட்டுவிடுகிறார்கள்.

1972 டால்ஃபின்ஸ் எடுத்தது 385, கொடுத்தது 171. வித்தியாசம் ஓர் ஆட்டத்துக்கு 15.3. 1975 ஸ்டீலர்ஸ் 373–162, அதாவது 15.1. 1976 ஸ்டீலர்ஸ் 342–138, அதாவது 14.6. 1973 டால்ஃபின்ஸ் 13.8. கௌபாய்ஸின் 1978 அணி 11.0, கோப்பை வென்ற அவர்களுடைய 1977 அணி 9.5தான். 1978, 1979இல் பட்டம் வென்ற ஸ்டீலர்ஸுக்கு 10.1, 9.6.

1976இல் 13–1 என்ற கணக்கோடு பட்டம் வென்ற ரெய்டர்ஸின் எண் 8.1. இதைப் பார்த்து அந்த அணி சுமார் என்று சொல்லக் கூடாது. அவர்கள் தோற்ற ஒரே ஆட்டம் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸிடம் 48–17. அந்த 31 புள்ளித் தோல்வியை விலக்கிப் பார்த்தால் மற்ற 13 ஆட்டங்களின் சராசரி 11.1 வருகிறது. ஒரு மோசமான ஞாயிற்றுக்கிழமை சராசரியை எவ்வளவு இழுத்துவிடும் என்பதற்கு இது நல்ல உதாரணம். சராசரியைக் கணக்கிட்ட கையோடு ஆட்டவாரியான பட்டியலையும் புரட்டிவிடுங்கள்.

இரண்டாவது, 1978 என்ற கோடு. எழுபதுகளின் தொடக்கத்தில், பந்து காற்றில் பறக்கும் வரை ரிசீவரை (பாஸைப் பிடிக்க ஓடுபவரை) வழிநெடுக மோதித் தடுக்கலாம். 1974இலும் 1977இலும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். 1978இல் ஆட்டக் கோட்டிலிருந்து (பந்து ஆட்டத்துக்கு வரும் இடத்திலிருந்து) 5 கெஜத்துக்கு அப்பால் ரிசீவரைத் தொடக் கூடாது என்றாகிவிட்டது. அதே ஆண்டு, பாஸ் வீசுபவரைக் காக்கும் லைன்மேன் (முன்வரிசை ஆட்டக்காரர்) கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தள்ளவும் அனுமதி கிடைத்தது. இந்த இரண்டும் சேர்ந்து ஓட்ட ஆட்டத்தைப் பாஸ் ஆட்டமாக மாற்றின.

ஸ்டீலர்ஸை நாங்கள் முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம் இதுதான். 1978 கோட்டுக்கு முன்னால் இரண்டு பட்டங்களைத் தடுப்பாலும் ஓட்டத்தாலும் வென்றார்கள். கோட்டுக்குப் பின்னால் இரண்டைப் பாஸால் வென்றார்கள். பயிற்சியாளர் சக் நோலும் மாறவில்லை, அணியின் முதுகெலும்பான ஆட்டக்காரர்களும் மாறவில்லை. ஐந்து கெஜ விதியை 'மெல் பிளவுண்ட் விதி' என்றே அழைத்தார்கள். 1975இல் 11 இன்டர்செப்ஷன்களோடு (எதிரணி வீசிய பாஸைப் பறித்துப் பிடிப்பது) லீகில் முதலிடம் பிடித்த பிட்ஸ்பர்க் கார்னர்பேக் (ரிசீவர்களை மறிக்கும் தடுப்பாட்டக்காரர்) அவர். தங்கள் தடுப்பைக் குறிவைத்து வந்ததாகவே பேசப்பட்ட விதியை, குவார்ட்டர்பேக் (பாஸ் வீசித் தாக்குதலை நடத்துபவர்) டெர்ரி பிராட்ஷாவின் கை வழியாகத் தங்களுக்கே சாதகமாக்கிக்கொண்ட அணி அது. 1976இல் 10 டச் டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பது) பாஸ் மட்டுமே வீசிய பிராட்ஷா 1978இல் 28 வீசினார்.

1972 டால்ஃபின்ஸின் 17–0 சாதனை, எளிய எதிரணிகளால் கிடைத்தது என்கிறார்களே?

லீக் ஆட்டங்களில் எதிரணிகள் பலவீனமானவை என்பது உண்மை. அவர்கள் சந்தித்தவற்றில் கன்சாஸ் சிட்டி, நியூயார்க் ஜயன்ட்ஸ் ஆகிய இரண்டு மட்டுமே தோல்வியைவிட அதிக வெற்றிகளோடு சீசனை முடித்தன, அதுவும் ஆளுக்கு 8–6. ஆனால் அந்த அட்டவணையைத் தயாரித்தது மயாமி அல்ல. மறுபக்கத்தில் இரண்டு பெரிய பாரங்கள் இருந்தன.

ஒன்று, ஐந்தாவது ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் பாப் கிரீஸியின் கால் முறிந்தது. 38 வயது ஏர்ல் மோரல் பொறுப்பேற்று மீதி லீக் ஆட்டங்களைக் கரை சேர்த்தார். இரண்டு, 14–0 என்று முடித்தும் ஏ.எஃப்.சி. இறுதிப்போட்டியைப் பிட்ஸ்பர்க் மைதானத்தில் போய் ஆட வேண்டியிருந்தது. அப்போது சொந்த மைதான உரிமை டிவிஷன்களுக்கு இடையே சுழற்சி முறையில் போனது. வெற்றிக் கணக்கைப் பார்த்துக் கொடுக்கும் முறை 1975இல்தான் வந்தது.

அந்த ஆட்டத்தில் 0–7 என்று பின்தங்கியிருந்தபோது மயாமியின் பண்டர் (பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் அனுப்புபவர்) லாரி சைப்பிள், பந்தை உதைக்காமல் 37 கெஜம் ஓடினார். அதிலிருந்து சமன் செய்த டச் டவுன் வந்தது, இறுதியில் 21–17 என வென்றார்கள். ஸ்டீலர்ஸ் வீரர்கள் பண்டை எடுத்து ஓடுபவருக்கு வழி அமைக்கத் திரும்பிப் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று கண்ட சைப்பிள் அந்த நொடியைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் கணிப்பில் 1972 அணியைவிட 1973 அணியே கொஞ்சம் உறுதியானது. 12–2தான் என்றாலும் சூப்பர் பௌலில் மினசோட்டாவை 24–7 என்று நசுக்கினார்கள். கிரீஸி அன்று முழு ஆட்டத்திலும் 7 பாஸ் மட்டுமே வீசினார். வீச அவசியமே வரவில்லை, லாரி சொங்கா ஒருவரே 145 கெஜம் ஓடிவிட்டார். பின்னர் சொங்கா, ஜிம் கிக், பால் வார்ஃபீல்ட் மூவரும் போட்டி லீகான டபிள்யூ.எஃப்.எல்.லுக்கு 1975இல் போனதோடு அந்த ஆட்சி முடிந்தது.

பிட்ஸ்பர்க் குவார்ட்டர்பேக் பிராட்ஷாவா, டல்லஸ் குவார்ட்டர்பேக் ஸ்டாபாக்கா? பாஸ் வீசும் திறனை அளக்கும் பாஸர் ரேட்டிங்கில் ஸ்டாபாக் எங்கோ மேலே இருக்கிறாரே?

வாழ்நாள் ரேட்டிங்கில் ரோஜர் ஸ்டாபாக் 83.4, பிராட்ஷா 70.9. ஸ்டாபாக் ஓய்வு பெற்றபோது என்.எஃப்.எல். வரலாற்றிலேயே அதுதான் உச்சம். பிராட்ஷா 212 டச் டவுனுக்கு 210 இன்டர்செப்ஷன் கொடுத்தவர், ஸ்டாபாக் 153க்கு 109. சீசன் முழுவதும் பந்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ள யார் வேண்டும் என்றால் ஸ்டாபாக்தான்.

ஆனால் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரியாமல் பயன்படுத்தக் கூடாது. இருவரும் நேருக்கு நேர் மோதிய 13ஆவது சூப்பர் பௌலை (1979 ஜனவரி 21, மயாமி) எடுத்துக்கொள்வோம். வசதியாக, இருவரும் 30 பாஸ் வீசி 17 முடித்தார்கள், இருவருக்கும் ஒவ்வொரு இன்டர்செப்ஷன். பிராட்ஷா 318 கெஜம், 4 டச் டவுன். ஸ்டாபாக் 228 கெஜம், 3 டச் டவுன்.

முடித்த சதவீதம் 56.67. அதில் 30ஐக் கழித்து 0.05ஆல் பெருக்கினால் இருவருக்கும் 1.33. அடுத்து, ஒரு பாஸுக்கான கெஜத்தில் 3ஐக் கழித்து 0.25ஆல் பெருக்க வேண்டும். பிராட்ஷாவுக்கு 10.6 கெஜம், ஆகவே 1.90. ஸ்டாபாக்குக்கு 7.6, ஆகவே 1.15. மூன்றாவது, டச் டவுன் சதவீதத்தை 0.2ஆல் பெருக்க வேண்டும். பிராட்ஷாவுக்கு 2.67 வருகிறது. ஆனால் எந்தப் பகுதியும் 2.375ஐத் தாண்டக் கூடாது, பூஜ்ஜியத்துக்குக் கீழும் போகக் கூடாது என்பது விதி, எனவே 2.375. ஸ்டாபாக்குக்கு 2.0. கடைசியாக, இன்டர்செப்ஷன் சதவீதத்தின் கால் பங்கை 2.375இலிருந்து கழித்தால் இருவருக்கும் 1.54. நான்கையும் கூட்டி, 6ஆல் வகுத்து, 100ஆல் பெருக்கினால் பிராட்ஷா 119.2, ஸ்டாபாக் 100.4.

இந்தச் சூத்திரத்தில் குவார்ட்டர்பேக் பந்தோடு வீழ்த்தப்படும் 'சாக்' சேரவே இல்லை. அன்று பிராட்ஷா 4 சாக்கில் 27 கெஜம் இழந்தார், ஸ்டாபாக் 5 சாக்கில் 52 கெஜம். அதையும் சேர்த்தால் பாஸ் முயற்சிக்கு நிகரமாகக் கிடைத்தது பிராட்ஷாவுக்கு 8.6 கெஜம், ஸ்டாபாக்குக்கு 5.0 கெஜம். இரண்டு ரேட்டிங்கையும் மட்டும் பார்ப்பவருக்கு இருவருக்கும் நடுவே இருந்த இடைவெளி பாதிதான் தெரியும்.

சூத்திரத்துக்குள் வராத இன்னொன்றும் உண்டு. பிராட்ஷா களத்தில் நின்று தானே பிளேயை (அடுத்து ஆடப்போகும் உத்தியை) தீர்மானித்தார். ஸ்டாபாக்குக்கு டல்லஸ் பயிற்சியாளர் டாம் லேண்ட்ரி வெளியிலிருந்து ஆள் மூலம் அனுப்பினார். பிராட்ஷாவின் இன்டர்செப்ஷன்களை எண்ணுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுப்பது நியாயம்.

இன்றைய குவார்ட்டர்பேக்கோடு 70.9ஐ ஒப்பிட்டுக் குறை சொல்வது பொருந்தாது. 1960–70 காலத்தின் சராசரி ஆட்டக்காரருக்கு 66.7 வரும்படி வடிவமைத்த அளவுகோல் அது. இன்று லீக் சராசரியே 90ஐ ஒட்டி இருக்கிறது.

அதே 13ஆவது சூப்பர் பௌலில் டல்லஸின் ஜாக்கி ஸ்மித் பாஸை நழுவவிட்டதால்தான் டல்லஸ் தோற்றதா?

இல்லை. மூன்றாம் கால் பகுதியில் 21–14 என்று பின்தங்கியிருந்தபோது, எண்ட் ஸோனில் (டச் டவுன் எடுக்கும் பகுதியில்) தனியாக நின்ற ஸ்மித்தின் கையிலிருந்து பந்து நழுவியது. டச் டவுனுக்குப் பதில் 3 புள்ளி ஃபீல்ட் கோல், 21–17. இறுதி ஸ்கோர் 35–31. இழந்ததும் 4, தோற்றதும் 4 என்பதால் பழி முழுவதும் அவர் மேல் விழுந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு ஸ்டீலர்ஸ் 19 விநாடி இடைவெளியில் இரண்டு டச் டவுன் அடித்து 35–17 என்று போனார்கள். நடுவே, கையில் கட்டுப் போட்டிருந்த டல்லஸின் ராண்டி வைட் கிக் ஆஃபைப் பிடித்து நழுவவிட்டதும் நடந்தது. 16ஆவது சீசன் ஆடிக்கொண்டிருந்த, பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமுக்கு (தலைசிறந்த ஆட்டக்காரர்களின் கௌரவப் பட்டியலுக்கு) தேர்வான ஒருவரை அந்த ஒரு பந்தால் மட்டும் நினைப்பது பெரிய அநீதி.

ஸ்டீலர்ஸின் 'ஸ்டீல் கர்ட்டன்' தடுப்பும் டல்லஸின் 'ஃப்ளெக்ஸ்' தடுப்பும் எப்படி வேறுபட்டன?

இரண்டுமே நான்கு லைன்மேன், மூன்று லைன்பேக்கர் (அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்) அமைப்புதான். எண்ணம் நேர் எதிர்.

லேண்ட்ரியின் ஃப்ளெக்ஸில் லைன்மேன்களில் சிலர் கோட்டிலிருந்து இரண்டு மூன்று அடி பின்தள்ளி நிற்பார்கள். பந்து நகர்ந்ததும் பாய மாட்டார்கள். தனக்கென்று ஒதுக்கிய இடைவெளியை முதலில் அடைத்துவிட்டு, ஓட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று படித்த பிறகே துரத்துவார்கள். எல்லா இடைவெளியிலும் ஓர் ஆள் இருப்பதால் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) எங்கே திரும்பினாலும் முட்டுவார். ஒருவர் ஆசைப்பட்டு இடத்தை விட்டால் போதும், அங்கேதான் ஓட்டை விழும். புதியவர்கள் இதற்குப் பழக நாளாகும். படித்துவிட்டுப் பாய்வதால் குவார்ட்டர்பேக்கை நெருங்குவதும் அரை நொடி தாமதமாகும்.

ஸ்டீலர்ஸ் காத்திருக்கவில்லை. 1974 சீசனின் பிற்பகுதியிலிருந்து ஜோ கிரீன், எதிரணி முன்வரிசையின் சென்டருக்கும் (நடுவில் நிற்பவர்) கார்டுக்கும் (சென்டரின் பக்கத்தில் நிற்பவர்) நடுவே உடலைச் சாய்த்து, மூலைவாட்டில் நின்றார். 275 பவுண்டு எடையுள்ள அவர் அந்தக் கோணத்தில் பாய்ந்தால் சென்டர், கார்டு இருவரும் அவரைச் சமாளிக்க வேண்டும். அப்படியானால் நடு லைன்பேக்கர் ஜாக் லாம்பர்ட்டைத் தடுக்க ஆள் இல்லை. 220 பவுண்டைத் தொடாத லாம்பர்ட் அந்த இடத்தில் அவ்வளவு சுதந்திரமாக ஓடியதற்கு இதுவே முக்கியக் காரணம். அந்த ஆண்டு பிளே ஆஃபில் (லீக் ஆட்டங்களுக்குப் பிந்தைய நாக் அவுட் சுற்றில்) எதிரணி ஓட்டக்காரர் ஓ.ஜே. சிம்ப்சன் 49 கெஜத்தோடு அடங்கினார். அடுத்து ஓக்லண்ட் அணி முழுவதும் சேர்ந்து ஓடியது 29 கெஜம். சூப்பர் பௌலில் மினசோட்டா ஓடியது 17.

ரெய்டர்ஸும் ஸ்டீலர்ஸும் மோதியதில் யார் கை ஓங்கியது? 'இமாகுலேட் ரிசெப்ஷன்' ஏன் இன்றும் சர்ச்சை?

1972 முதல் 1976 வரை ஐந்து ஆண்டும் பிளே ஆஃபில் சந்தித்தார்கள். 1972, 1974, 1975 ஸ்டீலர்ஸுக்கு. 1973, 1976 ரெய்டர்ஸுக்கு. எங்களைக் கேட்டால் அந்தப் பத்தாண்டின் உண்மையான பகை இதுதான். டல்லஸ்–பிட்ஸ்பர்க் மோதல் இரண்டு சூப்பர் பௌலால் பெயர் பெற்றது. இவர்களுடையது ஆண்டுதோறும் காயத்தோடு தொடர்ந்தது.

சர்ச்சைக்கு வருவோம். 1972 டிசம்பர் 23, ஸ்டீலர்ஸ் 6–7 என்று பின்னால். 22 விநாடி மீதி, நான்காவதும் கடைசியுமான முயற்சி, 10 கெஜம் தேவை. பிராட்ஷாவின் பாஸ், ஸ்டீலர்ஸின் ஃப்ரெஞ்சி ஃபுக்வாவும் ரெய்டர்ஸின் ஜாக் டேட்டமும் மோதிய இடத்தில் பட்டுப் பின்னோக்கித் தெறித்தது. ஸ்டீலர்ஸின் ஃபிராங்கோ ஹாரிஸ் அதைக் காலடி உயரத்தில் அள்ளி டச் டவுன் வரை ஓடினார். 13–7.

அன்றைய விதிப்படி, தாக்கும் அணியின் ஒருவர் மேல் பட்ட பாஸை, நடுவில் தடுப்பாட்டக்காரர் தொடாமல், அதே அணியின் இன்னொருவர் பிடிக்க முடியாது. பந்து ஃபுக்வா மேல் மட்டும் பட்டிருந்தால் பாஸ் செல்லாது, ரெய்டர்ஸ் வென்றிருப்பார்கள். டேட்டம் மேல் பட்டிருந்தால் செல்லும். பந்து தரையைத் தொட்டதா என்பது தனிக் கேள்வி. இருக்கும் படச்சுருள் எதுவும் இரண்டையும் ஐயமறக் காட்டவில்லை. பின்னோக்கி அவ்வளவு தூரம் தெறித்த வேகத்தைப் பார்த்தால், எதிரே ஓடிவந்த டேட்டத்தின் மேல் பட்டது என்பதே எங்களுக்குப் பொருத்தமாகப் படுகிறது. அந்த இரட்டைத் தொடுகை விதியை 1978இல் நீக்கிவிட்டார்கள்.

பட்டம் வெல்லாத 1976 ஸ்டீலர்ஸைச் சிலர் மிகச்சிறந்த அணி என்கிறார்களே?

அவர்கள் வாதத்தில் பலம் இருக்கிறது. 1–4 என்று தொடங்கினார்கள், பிராட்ஷா காயம்பட்டார். பிறகு 9 ஆட்டங்கள் தொடர்ச்சியாக வென்றார்கள். அந்த ஒன்பதில் எதிரணிகள் எடுத்த மொத்தப் புள்ளிகள் 28. ஐந்தில் எதிரணிக்கு ஒரு புள்ளிகூட இல்லை. புதுமுக குவார்ட்டர்பேக் மைக் குரூசெக் 6 ஆட்டங்களைத் தொடங்கி ஆறையும் வென்றார், வீச வேண்டியது கொஞ்சமே என்பதால். ஹாரிஸ் 1,128, ராக்கி பிளையர் 1,036 என்று இரண்டு ரன்னிங் பேக்குகளும் ஆயிரம் கெஜத்தைத் தாண்டினார்கள்.

பால்டிமோரை 40–14 என்று வென்ற பிளே ஆஃபில் அந்த இருவருமே காயம்பட்டு, ஓக்லண்டில் ஆட முடியாமல் போயிற்று. 24–7 தோல்வி. ஓட்டத்தையே நம்பிய அணியில் இரண்டு ஓட்டக்காரர்களும் இல்லையென்றால் திட்டம் முழுவதும் விழுந்துவிடும். ரெய்டர்ஸைப் பற்றி ஒரு வார்த்தை: கடைசிக்கு முந்தைய வாரம் அவர்கள் சின்சினாட்டியிடம் தோற்றிருந்தால் ஸ்டீலர்ஸ் பிளே ஆஃபுக்கே வந்திருக்க முடியாது. முழு பலத்தோடு ஆடி 35–20 என்று வென்று, பரம எதிரிக்கு வழிவிட்டு, பிறகு நேரில் வீழ்த்தினார்கள்.

ஜோ கிரீன் எத்தனை சாக் எடுத்தார்?

அதிகாரபூர்வக் கணக்கு இல்லை. தனிநபர் சாக்கை லீக் 1982 முதல்தான் பதிவு செய்கிறது, அவர் 1981இல் ஓய்வு பெற்றார். பழைய ஆட்ட ஏடுகளைத் திரட்டி ஆய்வாளர்கள் தொகுத்த எண்களைப் பார்த்தால் 'அதிகாரபூர்வமற்றது' என்று குறித்துக்கொண்டு பயன்படுத்துங்கள்.

1969இல் 1–13 என்று முடித்த ஸ்டீலர்ஸ் ஐந்தே ஆண்டில் எப்படிப் பட்டம் வென்றது?

டிராஃப்ட், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு. அணி மாறும் உரிமை ஆட்டக்காரர்களுக்கு அநேகமாக இல்லாத காலம் அது, 1993இல்தான் அது விரிவாக வந்தது. ஆகவே நன்றாகத் தேர்ந்தெடுத்தவர் நீண்ட நாள் ஆண்டார். 1974 டிராஃப்டில் மட்டும் ஸ்வான், லாம்பர்ட், ஸ்டால்வொர்த், வெப்ஸ்டர் என நான்கு ஹால் ஆஃப் ஃபேம் ஆட்டக்காரர்கள். டிராஃப்டுக்கு வெளியே சேர்ந்த டானி ஷெல் ஐந்தாவது. டல்லஸ் கணினி வைத்துத் தேர்வு செய்ததில் முன்னோடி. பிட்ஸ்பர்கின் பலம் பில் நன். கறுப்பினக் கல்லூரிகளைப் பற்றி ஆண்டுக்கணக்கில் எழுதிய பத்திரிகையாளரான அவரை ஸ்கவுட்டாக்கினார்கள் (புதிய ஆட்டக்காரர்களைக் கண்டறிபவர்). மற்ற அணிகள் மேலோட்டமாகப் பார்த்த கல்லூரிகளிலிருந்து ஸ்டால்வொர்த், ஷெல், பிளவுண்ட், கிரீன்வுட் வந்து சேர்ந்தார்கள்.

பழைய ஆட்டங்களை முழுதாகப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பந்தை விட்டுவிட்டு கார்டுகளைப் பாருங்கள். ஸ்டீலர்ஸின் தனிச்சொத்து 'ட்ராப்' ஓட்டம். எதிரணி லைன்மேன் ஒருவரை வேண்டுமென்றே தடுக்காமல் உள்ளே வரவிடுவார்கள். அவர் இரண்டடி வைத்ததும் எதிர்ப்பக்க கார்டு ஓடிவந்து பக்கவாட்டில் மோதுவார். அந்த எதிரணி லைன்மேன் விட்டு வந்த இடம் காலியாக இருக்கும், ஹாரிஸ் அதில் புகுவார். கார்டு தாமதித்தால் ஓட்டம் கோட்டுக்குப் பின்னாலேயே செத்துவிடும். அதனால் பிட்ஸ்பர்க் எடையைவிட வேகத்தைப் பார்த்து லைன்மேன்களைத் தேர்ந்தெடுத்தது. சென்டர் வெப்ஸ்டரே 255 பவுண்டுதான்.

13ஆவது சூப்பர் பௌலின் கடைசிக் கால் பகுதியில் இதன் அழகான உதாரணம் இருக்கிறது. மூன்றாவது முயற்சி, 9 கெஜம் தேவை, எல்லோரும் பாஸை எதிர்பார்த்தார்கள். பாய்ந்து வந்த டல்லஸ் தடுப்புக்கு நடுவே ட்ராப் போட்டு ஹாரிஸ் 22 கெஜம் ஓடி டச் டவுன் எடுத்தார். அதில் டல்லஸ் சேஃப்டி (பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர்) சார்லி வாட்டர்ஸின் வழியில் நடுவர் ஒருவர் குறுக்கே நிற்பதும் தெரியும். கௌபாய்ஸ் தாக்கும்போது, லைன்மேன்கள் குனிவதற்கு முன் ஒரு முறை எழுந்து நிற்பதைக் கவனியுங்கள். பின்னால் ரன்னிங் பேக்குகள் இடம் மாறுவதை எதிரணி லைன்பேக்கர்களின் கண்ணிலிருந்து மறைக்க லேண்ட்ரி வைத்த ஏற்பாடு அது.

வரிசையாகப் பார்ப்பதென்றால் 1974 ஏ.எஃப்.சி. இறுதி, 1976 ஏ.எஃப்.சி. இறுதி, 13ஆவது சூப்பர் பௌல் என்று போங்கள். முதல் இரண்டிலும் ரிசீவர்கள் பத்து கெஜம் தாண்டியும் இடிபடுவார்கள், மூன்றாவதில் ஸ்டால்வொர்த் தடையின்றி ஓடுவார்.